உழவுச் சாலும் ஒளித்திரையும்

எலவனாசூர்கோட்டையில் மானாவாரி நிலத்தை உழுவதை வரப்பில் நின்று பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு சால் முடிந்ததும் ஏர் திரும்பி அடுத்த சாலைப் பிடிக்கும். அதற்குள் தொலைக்காட்சி ஒளிந்திருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. 1921இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் நிலத்தை உழுதுகொண்டிருந்த 14 வயது ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த்துக்கு, காட்சியையும் இப்படி வரிவரியாக எலெக்ட்ரான்களால் பிரிக்கலாம் என்று தோன்றியதாகச் சொல்வர்.

மறு ஆண்டு தன் ஆசிரியர் ஜஸ்டின் டால்மனிடம் அதை வரைந்து விளக்கினார். 1927 செப்டம்பர் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அவரது கருவி ஒற்றைக் கோட்டைத் திரைக்கு அனுப்பியது. 1930இல் காப்புரிமை கிடைத்தது. ஆர்.சி.ஏ. நிறுவனமோ, விளாடிமிர் ஸ்வோரிகின் 1923இலேயே விண்ணப்பித்துவிட்டார் என வாதிட்டது. டால்மன் சாட்சி சொன்னார். எனினும், ஸ்வோரிகினின் விண்ணப்பத்தில் அந்த நுட்பமே இல்லை என்பதால்தான் தீர்ப்பு ஃபார்ன்ஸ்வொர்த்துக்குச் சாதகமானது.

அவ்வழக்கு யார் முந்தியவர் என்பதைப் பற்றியது. என்னை உறுத்துவது வேறு கேள்வி: அது துறை அறிந்த எவருக்கும் எளிதில் புலப்பட்டிருக்கக் கூடியதா? 1908இலேயே கேம்ப்பெல் ஸ்விண்டன் என்ற பிரிட்டன் பொறியாளர், அனுப்பும் முனையிலும் பெறும் முனையிலும் கேத்தோடு கதிரைப் பயன்படுத்தலாம் என்று 'நேச்சர்' இதழில் எழுதியிருந்தார். ஆனால் ஒளியை எலெக்ட்ரான் பிம்பமாக்கி, அதைக் காந்தப்புலத்தால் ஒரு சிறு துளைக்கு முன்னே நகர்த்தும் வழி அதில் இல்லை. விருப்பத்தைச் சொன்னவருக்கும் வழியைக் கண்டவருக்கும் இடையே உள்ள தொலைவை அளப்பதே நீதிபதியின் வேலை.

நம் உச்ச நீதிமன்றமும் 1978இல் அதை அளந்தது. கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் கருவி ஒன்றில், தேர்ந்த தொழிலாளியின் கைத்திறனுக்கு மேல் எதுவுமில்லை என்று காப்புரிமையை ஏற்க மறுத்தது. அது சரியென்றே கருதுகிறேன். ஆனால் இன்றைய தட்டைத் திரையைப் பார்த்துக்கொண்டு நேற்றைய கண்டுபிடிப்பை எடைபோடும்போது எல்லாமே எளிதாகத்தான் தெரியும். விண்ணப்பித்த நாளில் நின்று பார்க்க வேண்டும்.

1939இல் ஆர்.சி.ஏ. பணம் கொடுத்து அவரிடம் உரிமம் பெற்றது. போர் குறுக்கிட்டது. 1947இல் அந்தக் காப்புரிமை காலாவதியானபோது அமெரிக்க வீடுகளுக்குள் தொலைக்காட்சி அப்போதுதான் நுழையத் தொடங்கியிருந்தது. 1971 மார்ச் 11 அன்று அவர் காலமானார். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்க அப்போது இன்னும் 4 ஆண்டுகள் இருந்தன.