ஒயிலரும் ஒரு பேரெண்ணும்

கணிதம் பயில்வோர் ஒயிலர் என்னும் பெயரை அறியாதிருத்தல் அரிது. லியோனாட் ஒயிலர் 1707ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். மகனும் தம் பணியையே மேற்கொள்ள வேண்டுமெனத் தந்தையார் விரும்பினார். ஆயினும், யொகான் பேணூலி என்னும் கணிதப் பேராசான் சிறுவனின் திறனைக் கண்டு, தந்தையாரின் மனத்தை மாற்றினார். 1727இல் ருஷ்யாவிலுள்ள சென் பீற்றர்ஸ்பேர்க் சென்று பணியேற்ற ஒயிலர், 1741 முதல் 1766 வரை பேர்லினில் வாழ்ந்து, பின் ருஷ்யாவுக்கே மீண்டார்.

ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத எண்ணை முதன்மை எண் என்போம். 3, 5, 17, 257, 65537 என ஒரு வரிசை உண்டு. ஓரெண்ணில் ஒன்றைக் குறைத்து, வர்க்கித்து, ஒன்றைக் கூட்ட அடுத்த எண் வரும். இவ்வரிசை முழுவதும் முதன்மை எண்களே என்று பேர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் கருதினார். அடுத்து வருவது 4294967297. இதனை 641 மீதியின்றி வகுக்கும் என்று 1732இல் ஒயிலர் காட்டினார். அப்போது அவருக்கு வயது 25. பேரறிஞரின் கருத்தாயினும் நிறுவப்படாதது உண்மையாகிவிடாது என்பதை இதனால் அறிகிறோம்.

1738 அளவில் அவருடைய வலக்கண் பார்வை கெட்டது. பின்னாளில் இடக்கண்ணையும் நோய் பற்றியது. 1771இல் சத்திரசிகிச்சை செய்தும் பார்வை நிலைக்கவில்லை. அதே ஆண்டில் அவர் வீடும் தீக்கிரையாயிற்று. 1773இல் மனைவியாரும் மறைந்தார்.

இத்துன்பங்களின் நடுவேதான், 1772இல், 2147483647 ஒரு முதன்மை எண் என்று ஒயிலர் அறிவித்தார். முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழிக்க வரும் எண் இது. சாதாரண வழியிற் சோதிப்பதாயின், 46340 வரையுள்ள நாலாயிரத்துக்கு மேற்பட்ட முதன்மை எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒயிலரோ முதலிற் சிந்தித்தார். இவ்வெண்ணை வகுக்கக்கூடிய முதன்மை எண் எதுவாயினும், அதனை 248ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 ஆகவே இருக்கும் எனக் கண்டார். அவ்வகையில் ஏறக்குறைய 370 எண்களே உள. அவற்றுள் ஒன்றேனும் அதனை வகுக்கவில்லை.

இதனை முப்பது இரண்டுகளின் பெருக்கத்தாற் பெருக்கினால் 2305843008139952128 கிடைக்கும். இது ஒரு நிறைவெண். அதாவது, 6 என்பது 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகையாவது போல, தன்னிற் சிறிய வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்.

ஒயிலரின் நூல்களிலும் கட்டுரைகளிலும் ஏறக்குறைய அரைவாசி, அவர் சொல்லப் பிறர் எழுத, அவ்விருட்காலத்திலே தோன்றியவை. 1783 செத்தெம்பர் 18இல் அவர் மறைந்தார். அவர் ஆராய்ந்த 2147483647 இன்றும் கணினிகளிலே, 32 பிட்டுகளில் குறியுடன் எழுதத்தக்க மிகப் பெரிய முழுவெண்ணாக வழங்குகின்றது.

இளைஞர்காள், நாலாயிரம் வகுத்தல்களை முந்நூற்றெழுபதாக்கியது சிந்தனை. அந்த முந்நூற்றெழுபதையும் தட்டிக் கழியாது செய்யவைத்தது உழைப்பு. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தவரைக் கண்ணொளி இழப்பும் தடுத்ததில்லை.