இதயத் துடிப்பை எழுத வைத்தவர்

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியானாலும் சரி, ஸ்ரீசித்திராவானாலும் சரி, நெஞ்சுவலி என்று போகிறவர்களுக்கு முதலில் எடுப்பது இ.சி.ஜி. கட்டம் போட்ட காகிதத்தில் ஏறி இறங்கும் அந்தக் கோட்டைச் சரியாகப் பதிவு செய்ய வழி கண்டவர் டாக்டர் வில்லெம் ஐந்தோவன்.

1860-ம் ஆண்டு மே 21-ந் தேதி, டச்சுக்காரர் வசம் இருந்த ஜாவா தீவில், செமராங் நகரில் அவர் பிறந்தார். டாக்டரான தந்தை, பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோதே காலமானார். 1870-ல் தாயார் ஆறு குழந்தைகளுடன் ஹாலந்து போய், உட்ரெக்ட் நகரில் குடியேறினார். அங்கே வைத்தியம் படித்த ஐந்தோவன், 25 வயதிலேயே லைடன் சர்வகலாசாலையில் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்.

தவறிய கருவி

இதயம் துடிக்கும்போது மிகச் சிறிய அளவில் மின்சாரம் எழுகிறது. லண்டனில் வாலர் என்பவர் 1887-ல் பாதரசக் குழாய் கொண்டு அதைப் பதிவு செய்து காட்டினார். ஆனால் பாதரசம் மெதுவாக அசையும். துடிப்பின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. கோடு தவறாக விழுந்தது.

ஐந்தோவனுக்கு அது திருப்தி தரவில்லை. உண்மையான கோடு எப்படி இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டே கண்டுபிடித்தார். அதில் கண்ட ஐந்து அலைகளுக்கு 1895-ல் பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்தார். டாக்டர்கள் இன்றும் சொல்வது அதே பெயர்கள்தான்.

பிறகு, தலைமுடியை விட மெல்லிய படிகக்கல் நூலுக்கு வெள்ளிப் பூச்சு பூசி, பெரிய காந்தத்தின் நடுவே கட்டி, 1901-ல் புதிய கருவியை வெளியிட்டார். எடை சுமார் 270 கிலோ. இரண்டு அறைகளை அடைத்துக் கொண்டது. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி கைகளையும் காலையும் உப்புத் தண்ணீர் ஜாடிகளில் வைத்திருக்க வேண்டும். அந்த நூல் நேரடியாக வரைந்த கோடு, முன்பு அவர் கணக்கில் கண்ட கோட்டுடன் ஒத்துப் போனது!

இத்தனை பெரிய கருவியை நோயாளியிடம் கொண்டு போக முடியாது. ஆகவே 1905-ல், ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து கம்பி வழியாகவே துடிப்பைத் தம் ஆராய்ச்சிக் கூடத்துக்கு வரவழைத்தார்.

1924-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1927 செப்டம்பர் 29-ந் தேதி, 67-வது வயதில் லைடனில் காலமானார்.

பெட்டிக்குப் பரீட்சை

இன்று அந்தக் கோட்டை ஒரு சின்னப் பெட்டியே படித்து விடுகிறது. திடீரென மயங்கி விழுந்து, மூச்சுப் பேச்சின்றிக் கிடப்பவரின் மார்பில் ஒட்டினால், ஷாக் தேவையா, இல்லையா என்று அதுவே தீர்மானிக்கும். இதன் பெயர் ஏ.இ.டி.

இதயம் ஒழுங்காகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கினால் ஷாக் கொடுக்க வேண்டும். கோடு மட்டமாகப் போனால் ஷாக்கால் பயனில்லை. நன்றாகத் துடிக்கும் இதயத்துக்குக் கொடுத்தால் ஆபத்து.

எனவே, நிபுணர்கள் முன்கூட்டியே படித்து விடை குறித்து வைத்த இ.சி.ஜி. பதிவுகளைக் கொடுத்துப் பெட்டியைச் சோதிக்கிறார்கள். 1997-ல் அமெரிக்க இதய சங்கம் இதற்கு அளவு வகுத்தது. நடுங்கும் இதயத்தின் பதிவுகள் குறைந்தது 200 கொடுத்தால், 90 சதவீதத்துக்கு மேல் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல துடிப்பின் பதிவுகள் குறைந்தது 100 கொடுத்தால், 99 சதவீதத்துக்கு மேல் ஷாக் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கருவியின் கோட்டைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த ஐந்தோவனை இது நினைவூட்டுகிறது.

பெட்டி விலகச் சொல்லும்போது யாரும் நோயாளியைத் தொடக் கூடாது. ஷாக் வேண்டாம் என்று அது சொன்னால், பிழைத்து விட்டார் என்று அர்த்தமில்லை. மூச்சு திரும்பும் வரை, அல்லது உதவி வரும் வரை, மார்பை அழுத்திக் கொண்டே இருக்க வேண்டும்.