ரெண்டு மில்லிமீட்டரும் ஒரு பஸ் முதலாளியும்

உங்க வீட்டு கார் வீலைக் கழற்றி, அதோட ஓட்டைகளை எப்பவாவது உத்துப் பார்த்திருக்கீங்களா? ஃபைனல் இயர் வர்ற வரைக்கும் நானும் பார்த்ததில்லை.

சங்கரன்கோவில்ல எங்க சித்தப்பாகிட்ட ஒரு பழைய ஃபியட் புன்ட்டோ இருக்கு. ஆடித்தபசுக்கு சொந்தக்காரங்க வர்றாங்கன்னு, செகண்ட் ஹேண்ட்ல நாலு அலாய் வீல் வாங்கி மாட்டினார். நாலு ஓட்டை, நாலு போல்ட், எல்லாம் உட்கார்ந்துச்சு. ராஜபாளையம் போற வழியில கரிவலம்வந்தநல்லூர் தாண்டினதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிச்சது. ஓரங்கட்டிப் பார்த்தா, முன் வீல்ல ரெண்டு போல்ட் கையாலயே திருகுற அளவுக்கு லூஸ். பின் சீட்ல பாட்டியும் தங்கச்சியும் இருந்தாங்க.

காரணம் ரொம்பச் சின்னது. போல்ட் ஓட்டைகளோட மையங்கள் வழியா ஒரு வட்டம் போட்டா, அதோட விட்டம்தான் பிசிடி. புன்ட்டோவுக்கு அது 98 மி.மீ. வாங்கின வீல், ஸ்விஃப்ட் மாதிரி கார்களுக்கு வர்ற 100 மி.மீ. முதல் போல்ட்டை முறுக்கினதும் வீல் 1 மி.மீ. நகர்ந்து அந்தப் பக்கம் சரியா உட்கார்ந்துடும். அப்போ எதிர்ப்பக்க ஓட்டை 2 மி.மீ. தள்ளி நிக்கும். பலமா முறுக்கினா அந்த போல்ட்டும் உள்ளே போயிடும், ஆனா அதோட கூம்பு முனை ஒரு ஓரத்துலதான் தொடும். ஓட ஓட அது தளரும். பார்க்கப் பொருந்தின மாதிரி இருக்கும், உண்மையில பொருந்தியிருக்காது.

அன்னைக்கு ராத்திரி தாத்தா இதைக் கேட்டுட்டு, டி.வி.எஸ். பஸ் ஓடின காலத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சார். நமக்கு டி.வி.எஸ்.னா பைக். அவருக்கு அது மதுரையில ஏறின பஸ். அந்தப் பேருக்குப் பின்னாடி இருந்த மனுஷரைத் தேடிப் படிச்சேன். அவர் நம்ம நெல்லைச் சீமைக்காரர்தான்.

திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் ஐயங்கார் 1877 மார்ச் 22-ல் பிறந்தார். வக்கீல் தொழில், அப்புறம் ரயில்வே வேலை, அப்புறம் வங்கி வேலை. அந்தக் காலத்துல ஒரு குடும்பம் ஆசைப்படுற எல்லாமே அவர் கையில இருந்தது. அதையெல்லாம் விட்டுட்டு 1911-ல் சொந்தத் தொழிலுக்கு வந்தார். 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவுல பஸ் ஓட்டினார். யோசிச்சுப் பாருங்க: ரோட்டுல பெரும்பாலும் மாட்டுவண்டிதான், மோட்டார் வண்டி எல்லாம் கப்பல்ல வரணும், ஒரு பாகம் உடைஞ்சா அதுவும் கப்பல்லதான் வரணும்.

பஸ் வாங்குறதை விட, அதைத் தினமும் அதே நேரத்துக்கு ஓட வைக்கிறதுதான் கஷ்டம்னு அவருக்குப் புரிஞ்சிருந்தது. மாட்டு லாடத்துல இருந்து விழுற ஆணி டயரைக் கிழிக்கும். அதனால ரோட்டுல கிடக்குற ஆணிகளைக் காந்தம் வெச்சுப் பொறுக்க ஏற்பாடு செஞ்சாங்கன்னு சொல்வாங்க. டி.வி.எஸ். பஸ் போறதைப் பார்த்து கடிகாரத்தைச் சரி பண்ணிக்கலாம்னு மதுரைப் பக்கம் பேச்சே இருந்தது.

அவர் பஸ்ஸோட நிக்கலை. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றார், உதிரி பாகங்களுக்காக மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், அதோட சுந்தரம் மோட்டார்ஸ், தேய்ஞ்ச டயருக்கு ரீட்ரெடிங் தொழிற்சாலைன்னு வரிசையா ஆரம்பிச்சார். வண்டி வித்த இடத்துலயே அதுக்குச் சரியான பாகமும் கிடைக்கணும், இல்லேன்னா கிடைச்சதை மாட்டி ஓட்டுவாங்க. எங்க சித்தப்பா செஞ்சது அதைத்தான்.

ரெண்டாம் உலகப்போர்ல பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தப்போ, கரியை எரிச்சு வர்ற வாயுவுல வண்டி ஓட்டுற டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்டைத் தயாரிச்சு விற்றார். வீட்டுக்குள்ளயும் அவர் ஊர் வழக்கத்தோட நிக்கலை. சின்ன வயசுலயே கணவரை இழந்த மகள் சௌந்தரம் டாக்டருக்குப் படிக்கத் துணை நின்னார். பின்னாடி காந்திகிராமத்தை உருவாக்கினவங்க அவங்கதான்.

1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானல்ல அவர் காலமானார். 1960-ல் அவர் குடும்பத்துக் குழுமத்துல இருந்து வீல் செய்யவே ஒரு கம்பெனி பிறந்தது, வீல்ஸ் இந்தியா. கொஞ்சம் பின்னாடி போல்ட், நட் செய்ய சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். 1972-ல் மதுரைப் பக்கத்து டி.வி.எஸ். பஸ்கள் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆச்சு.

சரி, உங்க வீட்டுக்கு வருவோம். வேற வீல் வாங்குறதுக்கு முன்னாடி நாலு விஷயம் பாருங்க. எத்தனை ஓட்டை, பிசிடி எவ்வளவு, நடு ஓட்டை ஹப்போட சரியா சேருதா, போல்ட் உட்கார்ற இடம் கூம்பா உருண்டையா. நாலு ஓட்டைன்னா எதிரெதிர் மையங்களுக்கு நடுவுல அளந்தா போதும். அஞ்சு ஓட்டைன்னா பக்கத்துப் பக்கத்து மையங்களோட தூரத்தை 0.588-ஆல வகுங்க. டேப்புல 98-க்கும் 100-க்கும் வித்தியாசம் சரியாத் தெரியாது. ஃபர்ஸ்ட் இயர் லேப்ல தூக்கம் வர வர பிடிச்ச வெர்னியர் காலிப்பர் ஞாபகம் இருக்கா? அதுதான் வேணும்.

சித்தப்பா பழைய இரும்பு டிஸ்க்கையே திருப்பி மாட்டிட்டார். அழகு கம்மிதான். பாட்டி இப்போ பயமில்லாம ஏறுறாங்க.