நாற்பத்தைந்தில் தேர்ந்த நாடு

கடல் கடந்து பொருளீட்டுவது நம் வட்டாரத்தார்க்குப் புதிதன்று. சங்கரன்கோவிலுக்கு அண்மையிலுள்ள கடையநல்லூரிலிருந்து தறி நெய்த குடும்பங்கள் பல, சென்ற நூற்றாண்டிலும் அதற்கு முன்னரும் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் சென்று வேரூன்றின. கடையநல்லூர் என்னும் ஊர்ப்பெயரைத் தாங்கிய முஸ்லிம் அமைப்பொன்று 1941 முதல் சிங்கப்பூரில் இயங்கி வருவதை நம் பெரியோர் அறிவர். பின்னர் வளைகுடா நாடுகளின் காலம் வந்தது. இவ்வாறு செல்வோருள் பெரும்பாலோர் இளைஞர்கள். இளமையில் செல்பவனுக்கு ஊர் எதுவாயினும் ஒன்றே. கூலி கிடைத்தால் போதும். எஞ்சிய வாழ்நாளை எங்கே கழிப்பது என்னும் வினா, தலை நரைக்கத் தொடங்கும் நாற்பதுகளிலேதான் எழுகின்றது. அவ்வினா எழுந்த காலத்தில் இந்தியாவைத் தேர்ந்துகொண்ட ஓர் ஆங்கிலேயரின் வாழ்வை ஈண்டு எண்ணிப் பார்க்கின்றோம். அவர்தாம் திருக்குர்ஆனின் ஆங்கில ஆக்கத்தால் உலகறிந்த மர்மடியூக் பிக்தால்.

1875 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆம் நாள் இலண்டனில் பிறந்தவர் பிக்தால். தந்தையார் சஃபோக் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஆங்கிலத் திருச்சபைக் குருவாக இருந்தவர். 1881 இல் அவர் மறையவே, குடும்பம் இலண்டனுக்குப் பெயர்ந்தது. ஹாரோ பள்ளியில் பிக்தால் சில பருவங்களே பயின்றார். பிற்காலத்தில் பிரிட்டனின் தலைமை அமைச்சரான சர்ச்சில் அங்கு அவருடைய சமகால மாணவர். கீழைநாட்டுத் தூதரகப் பணிக்கான தேர்வை எழுதித் தோற்றார். அத்தோல்வி அவருக்கு வாய்த்த நற்பேறு என்றே நாம் கருதுகின்றோம். வென்றிருந்தால் கோப்புகளோடு வாழ்ந்து முடிந்திருப்பார். தோற்றமையால் பதினெட்டு அகவை நிரம்பிய பருவத்தில் எகிப்துக்கும் பாலத்தீனத்துக்கும் சிரியாவுக்கும் புறப்பட்டார்.

அந்நிலப் பகுதிகளில் ஏறத்தாழ ஈராண்டுகள் அவர் திரிந்தார். ஐரோப்பியப் பயணிகள் தங்கும் விடுதிகளை விடுத்து, உள்ளூர் மக்களைப் போல் உடுத்து, அவர்களோடு உண்டு, அவர்தம் பேச்சு வழக்கிலேயே அரபு மொழியைக் கற்றார். டமாஸ்கசில் உமையாப் பள்ளிவாசலின் முதியவர் ஒருவரிடம் பாடம் கேட்ட காலத்தில், இஸ்லாத்தைத் தழுவும் விருப்பத்தை அவரிடமே வெளியிட்டார். அம்முதியவரோ அதனை உடனே ஏற்கவில்லை. தாய் உயிரோடிருக்கையில் அவரைக் கலவாமல் இத்தகைய முடிவை மேற்கொள்ளலாகாது என்றும், வயது முதிர்ந்து தெளிவு பெற்றபின் எண்ணிப் பார்க்குமாறும் அறிவுறுத்தி அனுப்பினார். கைக்கு வந்த இளைஞனைத் தாயிடம் திருப்பி அனுப்பிய அப்பெரியவரின் பெருந்தன்மை நம் நெஞ்சை விட்டு அகல்வதில்லை.

தாயகம் மீண்ட பிக்தால் 1896 இல் மியூரியல் என்னும் மங்கையை மணந்தார். எழுத்தையே தொழிலாகக் கொண்டார். சிரிய நாட்டு மீனவன் ஒருவனைக் கதைமாந்தனாகக் கொண்டு 1903 இல் அவர் வெளியிட்ட புதினம் பெரும்புகழ் தேடித் தந்தது. மீண்டும் எகிப்து சென்றார். 1913 இல் துருக்கியில் சில திங்கள் தங்கினார். அந்நாட்டின்பால் அவர் கொண்ட பற்று அன்று முதல் ஆழமாயிற்று. ஆகவே 1914 இல் பிரிட்டனும் துருக்கியும் எதிரெதிர் அணிகளில் நின்று போரிடத் தொடங்கியமை, அவர் தம் வாழ்வையே இரண்டாகப் பிளந்தது. சொந்த நாட்டு நாளேடுகள் துருக்கியரை இழித்துரைக்க, அவர் அவர்களுக்காக எழுதினார்; எழுதியமையால் நண்பர்களையும் பதிப்பாளர்களின் ஆதரவையும் இழந்தார். 1917 ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனில் ஓர் உரையின் முடிவில் தாம் இஸ்லாத்தை ஏற்றதை வெளிப்படையாக அறிவித்தார். டமாஸ்கசு முதியவர் குறித்த காத்திருப்பு இருபதாண்டுகளைக் கடந்திருந்தது.

இனி எங்கே வாழ்வது? 1920 இல் அவருக்கு அகவை நாற்பத்தைந்து. இலண்டனில் அவருடைய பெயருக்குக் களங்கம் கற்பிக்கப்பட்டிருந்தது. நெஞ்சுக்கு உகந்த நகரங்களோ ஒன்றன்பின் ஒன்றாகக் கைநழுவின. இஸ்தான்புல் நேசநாட்டுப் படைகளின் பிடியில் இருந்தது. பாலத்தீனம் பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்டது. அவ்வாண்டு சூலைத் திங்களில் பிரெஞ்சுப் படை டமாஸ்கசுக்குள் புகுந்தது. எகிப்து 1919 இன் கிளர்ச்சிக்குப் பின்னும் பிரிட்டிஷ் காவலாட்சியிலேயே உழன்றது. இளமையில் தாம் கண்ட கீழைநாடு நிலப்படத்தில் இருந்ததேயன்றி நிலத்தில் இல்லை என்பதை அவர் உணர்ந்திருப்பார். நம்மவரும் இதனை அறிவர்; நாற்பதாண்டு கழித்துத் திரும்பி வருபவர், விட்டுச்சென்ற தெருவைத் தேடி அலைவதை நாம் பார்த்ததில்லையா?

இந்நிலையில் அழைப்பு வந்தது, அவர் அதுவரை கண்டிராத நாட்டிலிருந்து. பம்பாய் கிரானிக்கல் என்பது பெரோஸ்ஷா மேத்தா நிறுவிய தேசிய நாளிதழ். அதன் ஆசிரியராயிருந்த ஹார்னிமன் என்னும் ஆங்கிலேயரை, இந்தியர்க்குச் சார்பாக எழுதியமைக்காக அரசு 1919 இல் நாடு கடத்தியிருந்தது. அவ்விருக்கையில் அமரவே பிக்தால் அழைக்கப்பட்டார். பம்பாய் அவர் காதலித்த நகரமன்று. அதன் மொழிகள் அவருக்குத் தெரியா. அதன் வெப்பமும் புதிது. ஆயினும் வந்தார். அங்கே அவருக்காக ஒரு பணி காத்திருந்தது என்பதே காரணம் என்று நாம் கொள்கின்றோம். கிலாபத் இயக்கமும் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கமும் ஒருங்கே பொங்கியெழுந்த காலம் அது. இரண்டையும் ஆதரித்து அவர் தம் நாட்டு அரசையே எதிர்த்து எழுதினார். உருதுவும் கற்றார். நாற்பத்தைந்துக்குமேல் புதுமொழி ஒன்றின் எழுத்தைக் கூட்டிப் படிப்பது எளிதன்று என்பதை, இரண்டாம் மொழி கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒப்புவர்.

1924 இல் இரண்டு அடிகள் விழுந்தன. மார்ச் திங்களில் துருக்கியே கிலாபத்தை ஒழித்தது. எந்த நோக்கத்துக்காக உழைத்தாரோ அதன் வேர் அறுந்தது. அதே ஆண்டில், நிகழ்ச்சி ஒன்றைத் திரித்து வெளியிட்டதாக நாளிதழின்மீது தீர்ப்பாகிப் பெருந்தொகை தண்டமாக விதிக்கப்பட்டது. பிக்தால் பதவி விலகினார். ஏறத்தாழ ஐம்பது வயதில், அயல்நாட்டில், வேலையின்றி நின்றார். இங்கிலாந்துக்குக் கப்பலேறியிருக்கலாம், ஏறவில்லை. 1925 இல் ஐதராபாத் சென்று, நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் அரசில் சாதர்காட் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

தமிழாசிரியர் என்ற முறையில் ஐதராபாத்தைப் பற்றி ஒரு சொல் கூறாமல் செல்ல இயலவில்லை. அங்கு 1918 இல் தோன்றிய உஸ்மானியா பல்கலைக்கழகம் உருதுவைப் பயிற்று மொழியாகக் கொண்டது. மருத்துவமும் பொறியியலும் இந்திய மொழியொன்றில் கற்பிக்க இயலுமா என்று பிற இடங்களில் வாதிட்டுக் கொண்டிருந்த நாளில், ஐதராபாத்தார் மொழிபெயர்ப்புத் துறையொன்றை நிறுவி நூல்களை ஆக்கிக் கொண்டிருந்தனர். தமிழ்வழிக் கல்வி குறித்து இன்றும் ஐயுறும் நம் நண்பர்கள் இதனை எண்ணுதல் நன்று. அத்தகைய கல்விச் சூழலில்தான் 1927 முதல் ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ என்னும் காலாண்டிதழைப் பிக்தால் நடத்தினார்.

நம் தமிழகத்தோடு அவருக்கு ஏற்பட்ட தொடர்பும் இக்காலத்ததே. சென்னைத் தோல் வணிகர் ஜமால் முகம்மது சாகிபின் ஆதரவில், இஸ்லாம் பற்றிய தொடர் சொற்பொழிவுகள் சென்னையில் நிகழ்ந்தன. 1925 இல் மௌலானா சுலைமான் நத்வி பேசினார். 1929 சனவரியில் கவிஞர் இக்பால் பேசினார். இவ்விருவர்க்கும் இடையே, 1927 இல், பிக்தால் எட்டு உரைகள் நிகழ்த்தினார். சகோதரத்துவம், கலையும் அறிவியலும், சமயப் பொறை, விதிக்கொள்கை பற்றிய குற்றச்சாட்டு, பெண்களின் நிலை எனப் பல பொருள்களை அவை தொட்டன. பெண்களைக் கல்வியினின்றும் விலக்கி வைப்பதை அவர் கடுமையாகக் கண்டித்தார். திருச்சிராப்பள்ளியில் 1951 இல் தொடங்கிய கல்லூரி ஜமால் முகம்மது அவர்களின் பெயரைத் தாங்கி நிற்பதை மாணவர் அறிவர்.

பிக்தாலின் பெயரை நிலைநாட்டிய பணிக்கு வருவோம். திருக்குர்ஆனை எந்த மொழியிலும் முழுமையாகப் பெயர்க்க இயலாது என்பது அவர் கருத்து. ஆதலின் தம் நூலைக் குர்ஆன் என்று கூறாமல் குர்ஆனின் பொருள் என்றே பெயரிட்டார். நிஜாம் 1928 இல் முழுச் சம்பளத்துடன் ஈராண்டு விடுப்பளித்தார். எழுதியதைச் சான்றோரிடம் காட்டாமல் அச்சேற்ற அவர் உடன்படவில்லை. 1929 இல் கெய்ரோ சென்றார். மறைநூலை மொழிபெயர்ப்பதே தகாது என்னும் எதிர்ப்பு அங்கே அறிஞரிடையே வலுவாக இருந்தது. வாதிட்டும் பொறுத்தும், எகிப்திய அறிஞர் முகம்மது அஹ்மத் அல்கம்ராவியுடன் அமர்ந்து தம் படியைச் சரிபார்த்துத் திருத்தினார். 1930 இல் நூல் வெளிவந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் ஒருவர் ஆக்கிய முதல் மொழிபெயர்ப்பு என்னும் பெருமை அதற்கு உண்டு. ஏறத்தாழ அதே காலத்தில் நம் மொழியில் அப்பணியைத் தொடங்கியவர் அப்துல் ஹமீது பாகவி அவர்கள். அன்னாரின் முழுத் தமிழாக்கம் 1949 இல்தான் அச்சில் வந்தது.

பம்பாயும் ஐதராபாத்தும் அவருக்கு அளித்தவை வேறு வேறு. பம்பாயில் குரல் இருந்தது, ஓய்வில்லை. ஐதராபாத்தில் ஓய்வு இருந்தது. மன்னரின் பணியாளர் அரசியல் எழுதுதல் இயலாது. காந்தியடிகளின் பக்கம் நின்று பேரரசை எதிர்த்தவர், பேரரசின் உற்ற நண்பரான மன்னரிடம் ஊதியம் பெற்று வாழ்ந்தார் என்று குறை கூறுவார் உளர். அக்குறையை நாம் முற்றும் மறுக்கவில்லை. ஆயினும், ஐம்பதை எட்டியவர் தம்மிடம் எஞ்சிய ஆண்டுகளைக் கணக்கிட்டு, எந்தப் பணியை முடிக்க அவை போதும் என்று தேர்ந்தாராயின், அத்தேர்வைப் பிழையென்று கூறவும் நமக்கு மனம் வரவில்லை.

1935 சனவரியில் பணி ஓய்வு பெற்று அவர் இங்கிலாந்து திரும்பினார். ஓராண்டும் சில திங்களுமே கழிந்தன. 1936 மே 19 ஆம் நாள் கார்ன்வால் பகுதியின் செயின்ட் ஐவ்ஸ் என்னும் கடற்கரை ஊரில் காலமானார். அவர் நடத்திய காலாண்டிதழின் ஆசிரியர் பொறுப்பைப் பின்னர் முகம்மது அசது ஏற்றார். அவரும் ஐரோப்பாவில் யூதராகப் பிறந்து, இஸ்லாத்தை ஏற்று, கீழைநாட்டில் வாழ வந்தவரே.

நம் நெல்லைச் சீமைக்கு வந்த கால்டுவெல், 1841 இல் இருபத்தேழு வயதில் இடையன்குடியில் குடியமர்ந்தார். 1891 இல் கொடைக்கானலில் இறந்தபோது அவர் உடலை இடையன்குடிக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தனர். பிக்தாலுக்கு இந்திய மண் வாய்க்கவில்லை. இலண்டனுக்குத் தென்மேற்கே புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில், முஸ்லிம்களுக்கென ஒதுக்கிய பகுதியில் அவர் துயில்கின்றார். அதே பகுதியில் மற்றொருவரும் அடக்கமாகியுள்ளார். அவர் 1872 இல் மேற்கிந்தியாவில் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விலகியபின் இங்கிலாந்தில் தம் வாழ்வை அமைத்துக்கொண்டு, 1953 டிசம்பரில் இலண்டனில் மறைந்த அப்துல்லா யூசுப் அலி. திருக்குர்ஆனுக்கு ஆங்கிலத்தில் மற்றொரு புகழ்பெற்ற மொழிபெயர்ப்பை வழங்கியவர் அவரே.