கல்லிலிருந்து கலைக்கு

நாகூர்க் கந்தூரியின் தொடக்க நாளில், கொடிகளை ஏற்றிக்கொண்டு கப்பல் வடிவ ரதங்கள் நாகப்பட்டினத்திலிருந்து எங்கள் ஊருக்கு ஊர்வலமாக வரும். அவற்றுள் ஒரு கப்பலுக்கு ஆண்டுதோறும் மூங்கில் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி வந்தவர் என் பாட்டனார். கல்லூரியில் சேர்ந்த புதிதில், அவருடைய தொழில் என்னவென்று நண்பர்கள் கேட்டால், வியாபாரம் என்று சொல்லி மழுப்பிவிடுவேன். என்னிடமிருந்த அந்தக் கூச்சத்தைப் போக்கியவர், நான் பிறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட ஒரு பெரியார். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களைத்தான் குறிப்பிடுகிறேன்.

அவர் 1877ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சர் முத்து குமாரசுவாமி, இலங்கைச் சட்டநிரூபண சபையில் அங்கம் வகித்த தமிழர். அரிச்சந்திரன் கதையையும் பாலி மொழிப் பௌத்த நூல்களையும் ஆங்கிலத்தில் தந்தவர். தாயார் எலிசபெத், ஆங்கிலப் பெண்மணி. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்பே, 1879இல் தந்தையார் காலமானார். தாயின் அரவணைப்பில் இங்கிலாந்தில் வளர்ந்த அவர், இலண்டனில் பயின்றவை நிலவியலும் தாவரவியலும் ஆகும். கலை வரலாறு அன்று!

படிப்பு முடித்து இலங்கை திரும்பியவர், 1906 வரை அங்குக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் இயக்குநராகப் பணியாற்றினார். தோரியனைட் என்னும் கனிமத்தை உலகுக்கு அறிவித்தவர் அவரே. பாறைகளைத் தேடி ஊர் ஊராகச் சென்றபோது, அவர் கண்ணில் வேறொன்றும் பட்டது. தச்சரும் கொல்லரும் நெசவாளரும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த கைவேலைகள், மேல்நாட்டு மலிவுச் சரக்குகளின் முன் நலிந்துகொண்டிருந்தன. அவர் உள்ளம் பதைத்தது. அதன் விளைவே 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல். கலைஞர் வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே தம் மேற்பார்வையில் அதனை அச்சிட்டார்.

பின்னர் இந்தியாவெங்கும் சுற்றி, யாரும் பொருட்படுத்தாதிருந்த ஓவியங்களைத் திரட்டினார். இராசபுத்திர ஓவியம் பற்றிய அவரது நூல் 1916இல் வெளிவந்தது. காசியில் ஒரு தேசியக் கலைக்கூடம் அமையுமானால் தம் திரட்டு முழுவதையும் வழங்க முன்வந்தார். அது கைகூடவில்லை. முதல் உலகப் போரில் ஆங்கிலேயர் படையில் சேரவும் மறுத்த அவர், 1917இல் அமெரிக்கா சென்றார். அவருடைய திரட்டை டென்மன் ராஸ் என்பவர் விலைக்கு வாங்கிப் பாஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலைக்கு அளித்தார். குமாரசுவாமியும் அங்கேயே இந்தியக் கலைப் பிரிவின் காப்பாளரானார். நம் செல்வம் கடல் கடந்தது; அதனை விளக்க வல்லவரும் உடன் சென்றார். இதனை எண்ணும்போது இன்றும் நெஞ்சு உறுத்துகிறது.

பாஸ்டனில் அவர் வாழ்ந்த முப்பது ஆண்டுகள் ஆசியக் கலையாய்வுக்குப் பொற்காலம் என்றால் மிகையன்று. ஒகாகுரா காகுசோ என்ற ஜப்பானிய அறிஞர் முன்பு பணியாற்றிய இடம் அது. சீன, ஜப்பானியக் கலைப்பொருள்கள் அங்குக் குவிந்திருந்தன. 1927இல் அவர் எழுதிய இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு, நம் எல்லையோடு நின்றுவிடவில்லை. நேபாளம், திபெத்து, சீனத் துருக்கித்தானம், சயாம், கம்போடியா, சாவகம் என்று விரிந்து சென்றது. புத்தர் உருவம் கிரேக்கரிடமிருந்து வந்த இரவல் என்ற கருத்தை மறுத்து, அது இந்திய மண்ணிலேயே தோன்றியது என வாதிட்டார். 1934இல் வெளிவந்த மற்றொரு நூலில், சீன ஓவியரின் ஆறு விதிகளையும் நம் சிற்ப நூல்களின் கருத்துகளையும் அருகருகே வைத்து ஆராய்ந்தார்.

இவற்றையெல்லாம் படித்தபோது எனக்கு நாகப்பட்டினம் நினைவுக்கு வந்தது. ஸ்ரீவிசய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராசராச சோழன் ஆனைமங்கலத்தை வழங்கியது நம் பக்கத்தூர்ச் செய்தியன்றோ? சீனக் கோபுரம் என்று மக்கள் அழைத்த பழைய செங்கற்கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. 1856 முதல் அங்குக் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் பல, இன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. சீனமும் சாவகமும் எங்களுக்கு அயலூர்கள் அல்ல, கடல்வழி உறவினர்கள். அவ்வுறவை நூல்வழி நிலைநாட்டியவர் குமாரசுவாமி.

இந்தியா விடுதலை பெற்ற சில வாரங்களில், 1947 செப்டம்பர் 9ஆம் நாள் அவர் அமெரிக்காவில் மறைந்தார். தாயகம் திரும்பி, இமயமலைச் சாரலில் எஞ்சிய நாள்களைக் கழிக்க வேண்டும் என்ற அவரது விருப்பம் நிறைவேறாமலே போயிற்று.

காட்சிச்சாலையிலேயே வாழ்ந்த அவர், கலை காட்சிச்சாலைக்காகப் பிறந்ததன்று என்று கருதினார். மக்கள் வழிபடவும் புழங்கவும் செய்யப்படும் பொருளில்தான் கலை உயிர் வாழ்கிறது. பானை வனைபவனும் சிலை வடிப்பவனும் ஒரே மரபின் பிள்ளைகள் என்பது அவர் கொள்கை. அவ்வாறாயின், ஓர் இரவு ஊர்வலத்துக்காக மூன்று வாரம் மூங்கில் வளைத்த என் பாட்டனாரும் அம்மரபைச் சேர்ந்தவர்தாமே!

இப்போது யாரேனும் கேட்டால், என் பாட்டனார் கந்தூரிக் கப்பல் கட்டியவர் என்று தலைநிமிர்ந்து சொல்கிறேன். அடுத்த விடுமுறையில் அவரிடம் அமர்ந்து, அந்த வேலையை ஒவ்வொரு படியாகக் கேட்டு எழுதிவைக்கப் போகிறேன். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கை இருக்கும். அது ஓய்வதற்குள் சென்று பாருங்கள்.