சீறா பாடிய செம்மல் உமறுப் புலவர்

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய தெருவொன்றில், ரபீஉல் அவ்வல் மாதத்து இரவு ஒன்றில், பழைய சீறாப்புராணப் பிரதி ஒன்றை நம் கையில் கொடுத்தார்கள். மேலட்டை இல்லை. முன்தாள்கள் சிலவும் இல்லை. உப்புக் காற்றுக்குத் தப்பிய தாள்கள் தொட்டால் நொறுங்கும் நிலையில் இருந்தன. அவ்வீட்டின் மூத்த பெண்மணி அதைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்கள். தம் மாமியார் காலத்தில் இந்த மாதம் பிறந்துவிட்டால் இஷாவுக்குப் பின் சீறா படிக்க ஆள் வருவாராம்; இப்போது பதம் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லையாம். இதை இன்னும் வைத்திருப்பதா, மரியாதையாக மண்ணில் புதைத்துவிடுவதா என்று அஸரத் என்ற முறையில் நம்மிடம் கேட்டார்கள்.

உடனே பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அந்நூல் வந்த வழி அப்படிப்பட்டது.

உமறுப் புலவர் 1642-ல் பிறந்தவர். எட்டயபுரத்தில் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்று, ஆசிரியருக்குப் பின் அந்த அரண்மனையிலேயே அவைப் புலவராக அமர்ந்தவர். கடிகைமுத்துப் புலவர் முஸ்லிம் அல்லர். மாணவன் எந்தச் சமயத்தவன் என்று ஆசிரியர் பார்த்ததாகவும் தெரியவில்லை. அரண்மனைச் சோறும் அரசவைப் புகழும் கிடைத்த பின், வேறொரு கவலை இல்லாமலே உமறு காலத்தைக் கழித்திருக்கலாம். ஆனால் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் வரலாற்றைத் தமிழில் பெருங்காப்பியமாகப் பாட வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை. கீழக்கரை வள்ளல் சீதக்காதி, அதாவது செய்கு அப்துல் காதிர் மரைக்காயர், அந்த ஆசைக்குத் துணை நின்றார்.

பொருளுக்குக் குறைவில்லை, தமிழுக்கும் குறைவில்லை. வரலாற்றுக்குத்தான் வழியில்லை. ஸீரா நூல்களெல்லாம் அரபியில் இருந்தன. அவற்றின் கருத்தைச் சொல்லித் தர ஓர் ஆலிம் வேண்டும். ஆகவே வித்ரிய்யாவுக்குத் தக்மீஸ் பாடிய மாமேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் உமறு சென்றார். அரசவைக் கோலத்தில் வந்து நின்ற புலவரைக் கண்ட அப்பா அவர்கள் இசையவில்லை என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

இதைச் சொல்லும்போது அப்பா அவர்களைக் கடுமையானவராகக் காட்டுவோர் உண்டு. நாம் அப்படி எண்ணவில்லை. அண்ணலாரின் வாழ்க்கையை, மார்க்க அறிவு எவ்வளவு என்று தெரியாத ஒருவர் கையில் எந்த ஆலிம்தான் யோசியாமல் ஒப்படைப்பார்? கவிஞன் ஓர் உவமைக்காக ஒரு வரலாற்றையே வளைத்துவிடக்கூடியவன். அந்த அச்சம் நியாயமானது. மனம் உடைந்த உமறு பள்ளிவாசலில் அழுது முதுமொழி மாலை பாடினார் என்றும், கனவில் நன்மாராயம் கிடைத்த பின் அப்பா அவர்களே இசைந்தார்கள் என்றும் கூறுவர். பிறகு பரங்கிப்பேட்டையிலிருந்த ஓர் ஆலிமிடம் உமறு பாடம் கேட்டார். மறுத்தவர்களின் ஆலோசனையிலேயே நூல் தொடங்கிற்று என்பதுதான் இதில் நம் நெஞ்சைத் தொடுகிறது.

நூல் முடியுமுன் சீதக்காதி வள்ளல் மறைந்தார். கைதாங்க ஆளின்றி நின்ற காவியத்தைப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஏற்றுக்கொண்டார். மரக்காணத்திலிருந்து இதே கடற்கரையோடு தெற்கே சென்றால், புதுச்சேரியும் கடலூரும் கடந்தபின் வரும் ஊர் அது. அங்குதான் சீறா அரங்கேறியது என்பர். நன்றி மறவாத உமறு, அபுல் காசிமின் பெயரை நூலுக்குள்ளேயே பல இடங்களில் வைத்துப் பாடினார்.

விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்கள், 92 படலங்கள், 5,027 விருத்தங்கள். இவ்வளவு பாடியும் வரலாறு முற்றுப்பெறவில்லை. உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நூல் நின்றுவிடுகிறது. மக்கா வெற்றியும் இல்லை, வஃபாத்தும் இல்லை. விடுபட்டதைப் பின்னாளில் காயல்பட்டினம் பனீ அஹ்மது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். உமறு 1703-ல் எட்டயபுரத்தில் காலமானார்.

அவர் மறைந்தபின் 139 ஆண்டுகள் சீறா பனையோலையிலேயே வாழ்ந்தது. ஒருவர் பார்த்து எழுத, அதைப் பார்த்து இன்னொருவர் எழுத, இப்படித்தான் ஊர் ஊராகப் பரவியது. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரம், ஒகர ஓகாரம் பிரித்து எழுதுவதுமில்லை. தமிழ்ச் சொல்லானால் படிப்பவர் இடம் பார்த்து ஊகித்துக்கொள்வார். அரபிப் பெயரை எப்படி ஊகிப்பது? கதீஜா நாயகி சீறாவில் கதீசா ஆவார்கள். அபூஜஹல் அபூசகல் ஆவான். அது யாப்புக்காகவும் தமிழ் மரபுக்காகவும் புலவரே செய்தது. அதற்குமேல் ஏடெழுதியவரின் கையும் பிசகினால், ஸஹாபி ஒருவரின் பெயர் முகம் தெரியாமல் போய்விடும். கரையானும் கடற்கரை ஈரமும் செய்த சேதம் வேறு. பாத்தியில் விளைந்த உப்பை ஒரு நாள் மழை கரைத்துவிடுவதைப் பார்த்துப் பழகிய நம் ஊராருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்நிலையில்தான் சேகு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் புலவர் 1842-ல் சீறாவை முதன்முதலாக அச்சேற்றினார். அவர் ஆலிம், புலவரும் ஆவார். மக்காக் கலம்பகம் பாடியவர். அரபியும் தமிழும் ஒருங்கே அறிந்த அப்படிப்பட்ட ஒருவர் கையில் அது சேர்ந்தது அல்லாஹ்வின் அருள் என்றே சொல்வோம். ஏட்டிலுள்ள பெயரைத் தமிழறிவால் மட்டும் திருத்த முடியாது. வெண்சீர் பிறழ்ந்த அடியை அரபியறிவால் மட்டும் சரிசெய்ய முடியாது.

அந்த ஆண்டைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் நாட்டவர் தடையின்றி அச்சுக்கூடம் நடத்த வழி திறந்தது 1835-ல்தான். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887-ல். அதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் சீறாவை அச்சில் கண்டுவிட்டார்கள். தமிழ்ப் பதிப்பு வரலாறு பேசுவோர் இதை ஓரிரு வரியில் கடந்துபோவது நமக்கு வருத்தமே. நம்மவரும் உரக்கச் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பின்னர் கோட்டாறு சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் உரை கண்டார். கவி கா.மு. ஷெரீப் சீறாவை மேடையேற்றிச் சொற்பொழிவாற்றினார். 2007-ல் எட்டயபுரத்தில் அரசு மணிமண்டபமும் எழுந்தது. ஆயினும் சீறாவை உயிரோடு வைத்திருந்தவை மண்டபங்களல்ல, திண்ணைகள்தாம். ஒருவர் இராகத்தோடு பாட, ஒருவர் பொருள் சொல்ல, கதவுக்கு உட்புறம் பெண்கள் கேட்டிருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நாயகத்தின் வரலாற்றை இப்படித்தான் அறிந்தார்கள்.

ஆலிம்களில் சிலர் சீறாவை ஒதுக்கியதும் உண்டு. மானுக்குப் பிணை நின்ற படலத்தை எடுத்துக்கொள்வோம். வேடன் கட்டிவைத்த மானுக்காக அண்ணலார் (ஸல்) பிணை நின்ற அந்த நிகழ்ச்சியைச் சொல்லும் அறிவிப்புகள் பலவீனமானவை என்பது ஹதீஸ் கலை அறிந்தோர் கூற்று. அது உண்மையே. மக்க நகருக்கு முன் வரும் நாட்டுப் படலத்திலோ நம் ஊர் மழையும் வயலும் வருகின்றன. ஆகவே சட்டம் எடுக்கச் சீறாவிடம் போகக்கூடாது. ஹலால் ஹராமுக்கு அது ஆதாரமும் ஆகாது. ஆனால் கேட்டவர் கண்ணில் நீரும் நாவில் ஸலவாத்தும் வரச்செய்த நூலை, அறிவிப்பாளர் தொடர் இல்லை என்று தூக்கியெறிந்தால், திண்ணையில் அந்த இடத்துக்கு நாம் எதைக் கொண்டுவந்து வைத்தோம்? மத்ரஸாவில் ஓதிய நாளில் நாமும் சீறாவை ஏளனமாகப் பேசியவர்தாம். வெட்கத்தோடு இங்கே எழுதுகிறோம்.

அந்த இரவில் அவ்வீட்டாரிடம், புதைக்க வேண்டாம் என்றோம். மான் படலத்தைத் தட்டுத்தடுமாறிப் படித்துப் பொருளும் சொன்னோம். அறிவிப்பு பலவீனமானது என்பதையும் மறைக்கவில்லை. பெண்மணி அதைக் கேட்டுக்கொண்டு, மான் திரும்பி வந்ததா என்று மட்டும் கேட்டார்கள். வந்தது என்றோம்.

தாள்களை அடுக்கிப் பார்த்தபோது போயிருந்தவை கடவுள் வாழ்த்துப் படலமும் அதை அடுத்த சில பாடல்களும். நம்மிடமுள்ள பிரதியை மறுநாள் கொடுத்தனுப்பினோம். அவ்வீட்டு மருமகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவற்றைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்.