தாத்தா பிரித்த அடிகள்

உத்தமதானபுரத்தவரான உ. வே. சாமிநாதையர் 1855-இல் பிறந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டார். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். இவை பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. ஆனால் அவர் பட்ட பாடு இன்னதென்று எனக்கு விளங்கியது, பெங்களூர் விவேக் நகரில் என் அறையில், ஒரு நள்ளிரவில்தான்.

நம் மன்றத்துக்காகப் புறநானூற்றைத் தட்டெழுதி வைத்திருந்தேன். கோப்பில் வெற்று வரிகள் மலிந்திருந்தன. ‘செட்’ என்னும் கட்டளைக் கருவியால் அவற்றைக் களையப் புகுந்தேன். அக்கருவி ஒவ்வொரு வரியாக எடுத்து, வரிமுடிவுக் குறியைக் கழற்றிவிட்டே ஆராயும். ஆதலின் அக்குறியைத் தேடச் சொன்னால் அதற்கு அகப்படாது. அடுத்த வரியையும் சேர்த்தெடுக்கப் பணித்தால்தான் இரண்டுக்கும் நடுவே குறி தென்படும். நானோ கடைசி வரி வரையில் சேர்க்கச் சொல்லி, குறிகளையெல்லாம் இடைவெளியாக மாற்றினேன். அதுவும் மூலக் கோப்பின் மேலேயே! பாட்டும் திணை துறைக் குறிப்பும் ஒரே வரியாகிவிட்டன. வேறு படியும் இல்லை.

ஐயரிடம் வந்த ஏடுகளின் கோலம் இதனினும் கொடிது. ஓலை நெடுக எழுத்து ஓடும். அடி பிரிப்பு இராது, மெய்க்குப் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடும் இராது. சேலம் இராமசாமி முதலியார் தூண்டச் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். விருத்தமாதலால் எதுகை அடியைக் காட்டிக் கொடுக்கும். நச்சினார்க்கினியர் உரையோ, நூற்பெயர் சொல்லாமலே மேற்கோள் தரும். மேற்கோள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றறிய, அந்நாளில் அச்சேறாத நூல்களைத் தேடி அலைய வேண்டியதாயிற்று. சைவ மடத்தில் பயின்ற அவர், பொருள் தெளியக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கும் சென்றார். 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது. பின் பத்துப்பாட்டு 1889-இல், புறநானூறு 1894-இல்.

ஆசிரியப்பாவுக்குப் பெரும்பாலும் அடிக்கு நாற்சீர், ஈற்றயலடிக்கு முச்சீர். அதை எண்ணி எண்ணிச் சில பாட்டுகளைப் பிரித்தேன். அலுத்ததும் அச்சுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டேன். பார்க்க எனக்கொரு புத்தகம் இருந்தது. அவருக்கு?

விடியும் வேளையில் 266-ஆம் பாட்டுக்கு வந்தேன். அதையடுத்து நிற்பது 269. இடையிலுள்ள இரண்டும் ஏடுகளில் கிடைக்கவில்லை. பிற பாட்டுகளிலும் ஓலை சிதைந்த இடங்களில் அவர் தம் சொல்லை இட்டு நிரப்பவில்லை, புள்ளியிட்டே விட்டார். 1942-இல் அவர் மறைந்தார். அவ்விரு பாட்டுகளும் இன்றுவரை கிடைக்கவில்லை. என் கோப்பில் அவ்விடத்தில் மட்டும் இரண்டு வெற்று வரிகளை விட்டிருக்கிறேன்.